சாக்கு சொல்லிப் போட்ட கோட்டு

தொல்காப்பியர் வருஷத்தை ஆறாகப் பிரித்தார். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். நியாயமான மனிதர், வானத்தைப் பார்த்துப் பிரித்தார். பாரிஸ்காரர்கள் இரண்டே இரண்டாகப் பிரித்தார்கள். அவர்கள் பார்த்தது கல்லாப்பெட்டியை!

அந்த ஊர் ஃபேஷன் உலகத்தில் வெயில்கால உடுப்பு செப்டம்பர் கடைசியில் மேடையேறும். குளிர்காலக் கோட்டு பிப்ரவரி கடைசியில் வரும். ஊரே குளிருக்குத் தயாராகும்போது பருத்தியையும், ஊரே வெயிலுக்குத் தயாராகும்போது கம்பளியையும் பற்றிப் பேசினால்தான் நீங்கள் விவரம் தெரிந்தவர். இந்தக் கூத்தை ஆரம்பித்து வைத்தது யார் என்று தேடிக்கொண்டு போனால் முதலில் ஒரு ஜோடி சிவப்பு ஹீல்ஸ் கண்ணில் படுகிறது. மெதுவாக நிமிர்ந்து பார்த்தால்... பிரான்ஸ் ராஜா பதினான்காம் லூயி!

1701ல் ரிகோ என்கிற ஓவியர் வரைந்த படம் அது. மகாராஜாவுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ஆனாலும் அங்கியை ஒரு பக்கமாகத் தூக்கிவிட்டு, வெள்ளைக் காலுறை போட்ட கால் அழகாகத் தெரியும்படி நிற்கிறார். இன்ஸ்டாகிராம் அப்போது இல்லாத குறை ஒன்றுதான். சிவப்பு ஹீல் போட அரசவையில் செல்வாக்கு வேண்டும். கண்டவனும் போட முடியாது. பெண்களை இன்றுவரை படுத்தும் ஹை ஹீல்ஸின் முதல் பெரிய பிராண்ட் அம்பாசடர், மீசை மழித்த ஒரு பாட்டனார்.

லூயிக்கு கொல்பேர் என்று ஒரு நிதியமைச்சர். சிரிக்கத் தெரியாத மனிதர் என்று பெயர், ஆனால் கணக்கில் புலி. வெளிநாட்டுத் துணிக்குக் காசு போவது அவருக்குப் பிடிக்கவில்லை. உள்ளூரிலேயே பட்டும் லேஸும் நெய்ய ஏற்பாடு செய்தார். சரி, நெய்தாயிற்று. ஒரு சீமாட்டி பட்டு கவுன் ஒன்று வாங்கி அது கிழிகிறவரை உடுத்தினால் நெசவாளி என்ன செய்வான்? அதற்கும் வழி பிறந்தது. 1672ல் தொடங்கிய 'மெர்க்யூர் காலான்' பத்திரிகை, 1678 வாக்கில் இந்தப் பருவத்துக்கு இன்ன துணி, இன்ன நிறம் என்று படம் போட்டு எழுத ஆரம்பித்தது. பாரிஸில் கிழியாத துணியெல்லாம் பழைய துணி ஆனது அப்போதுதான்.

இந்தச் சந்தடியில் பெண்களுக்கு இரண்டு விஷயம் மட்டும் கிடைக்காமலே போனது. உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த, கையைத் தூக்கினால் கிழியாத ஒரு கோட்டு. நடந்தால் வலிக்காத ஒரு ஷூ. 'எனக்கு இது வசதியாக இருக்கிறது, அதனால் போடுகிறேன்' என்று ஒரு பெண் சொன்னால் எந்த நூற்றாண்டிலும் எடுபட்டதில்லை. சாக்கு வேண்டும். நல்ல, கனமான, ஆண்கள் தலையாட்டக்கூடிய சாக்கு.

முதல் சாக்குக்கு நாலு கால்.

1666 ஜூன் மாதம். லண்டன் வொயிட்ஹால் அரண்மனையில் சாமுவேல் பெப்பீஸ் நடந்து போகிறார். கடற்படை அலுவலகத்தில் உத்தியோகம். ஆனால் சரித்திரத்தில் இடம்பிடித்தது டைரி எழுதியதால். அன்றைக்கு அவர் பார்த்தது, அரசியின் தோழிப்பெண்கள் குதிரைச் சவாரி உடுப்பில் நின்றதை. ஆண்கள் போடுகிற மாதிரியே கோட்டு, நெஞ்சுவரை பொத்தான், விக், அதன் மேல் தொப்பி. கீழே நீளப் பாவாடை மட்டும் இல்லையென்றால் இவர்களைப் பெண்கள் என்று யார் சொல்வார்கள் என்று டைரியில் புலம்பித் தள்ளிவிட்டார். பார்க்கவே சகிக்கவில்லையாம்.

இதைச் சொல்கிற பெப்பீஸ் யார்? ஒரு தையல்காரரின் மகன்! போதாக்குறைக்கு அதே வருஷம் மார்ச்சில் தன்னைப் படம் வரைந்துகொள்ள 'இந்திய அங்கி' ஒன்றை வாடகைக்கு எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர். வாடகை அங்கியில் பெரிய மனிதராகப் போஸ் கொடுக்கலாம், சொந்தக் கோட்டில் ஒரு பெண் குதிரை ஏறக்கூடாது.

ஆனால் குதிரை ஜெயித்துவிட்டது. சவாரி என்று சொல்லிவிட்டால் பெண்ணுக்கும் ஆண் டெய்லரே கோட்டு தைப்பார். அது சாதாரணத் தையல் அல்ல. கம்பளித் துணிக்கு உள்ளே கேன்வாஸ் வைத்து, அங்கங்கே பஞ்சடைத்து, ஆயிரம் சின்னத் தையலில் பிடித்து, ஈரம் காட்டி இஸ்திரிப்பெட்டியால் அழுத்தி, தட்டைத் துணியைத் தோள்பட்டை வடிவத்துக்கு வளைக்கிற வேலை. பாரிஸில் 1675வரை பெண்களின் மேலுடுப்பைத் தைக்கும் உரிமையே ஆண் டெய்லர்கள் கையில்தான். அந்த வருஷம் தையல்காரப் பெண்களுக்குத் தனிச் சங்கம் வைத்துக்கொள்ள லூயி அனுமதி கொடுத்தார். டெய்லர்கள் தொளதொள கவுனை விட்டுக்கொடுத்துவிட்டு, விறைப்பாக நிற்கிற சமாச்சாரங்களைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள்.

ஷூ கதை இன்னும் மோசம். ஹீல் வந்த புதிதில் வலது காலுக்கு ஒன்று, இடது காலுக்கு ஒன்று என்று இரண்டு அச்சு செதுக்குவது பெரும்பாடு. அதனால் செருப்புத் தைப்பவர்கள் ஒரே அச்சில் இரண்டையும் தைத்துக் கொடுத்தார்கள். ஏறக்குறைய 200 வருஷம் ஐரோப்பியர்கள் இடம் வலம் இல்லாத ஷூவில்தான் நடந்தார்கள். போட்டுப் போட்டுக் கால்தான் ஷூவுக்குப் பழகவேண்டும். நெப்போலியனின் மனைவி ஜோசபினைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. புதுச் செருப்பு ஒரே நாளில் ஓட்டையாகிவிட, செருப்புத் தைத்தவரைக் கூப்பிட்டுக் காட்டினாராம். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'மகாராணி, தவறு உங்களுடையது. இதைப் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறீர்கள்' என்றாராம். கதை நிஜமோ பொய்யோ, கஸ்டமர் கேர் அன்றைக்கே இப்படித்தான் என்று நினைக்கும்போது ஒரு ஆறுதல்.

குதிரைக்குப் பிறகு படகு. இங்கிலாந்தின் வைட் தீவில் கௌஸ் என்ற துறைமுக ஊர். அங்கே ஜான் ரெட்ஃபெர்ன் துணிக்கடை வைத்திருந்தார். வருஷா வருஷம் ராஜகுடும்பமும் பணக்காரர்களும் பாய்மரப் படகுப் போட்டிக்கு வந்து குவிவார்கள். உப்புக்காற்றில் பட்டும் லேஸும் என்ன பாடுபடும்! ரெட்ஃபெர்ன் யோசித்தார். சவாரிக் கோட்டு தைக்கிற அதே முறையில், கம்பளியில், படகுக்கென்று ஒரு கோட்டும் பாவாடையும் போட்டார். 1880களில் அதுதான் பெரிய மனிதவீட்டுப் பெண்களின் பகல் உடுப்பு. படகையே பார்க்காதவர்களும் படகு உடுப்பில் கடைத்தெருவுக்குப் போனார்கள். லண்டன், பாரிஸ், நியூயார்க் என்று ரெட்ஃபெர்ன் கிளைகள் திறந்துகொண்டே போனார்.

அவருடைய வாடிக்கையாளர்களில் முக்கியமானவர் பட்டத்து இளவரசரின் மனைவி அலெக்சாண்ட்ரா. டென்மார்க்கிலிருந்து வந்த அழகி. அவர் எதைப் போட்டாலும் ஊரே போடும். கழுத்தில் ஒரு தழும்பை மறைக்க உயரமான காலரும் முத்துப்பட்டையும் அணிந்தார். தழும்பே இல்லாத ஆயிரம் கழுத்துகளுக்கும் பட்டை ஏறியது. இதாவது பரவாயில்லை. 1867ல் கடுமையான மூட்டுவாதக் காய்ச்சல் வந்து, பிழைத்து எழுந்தபோது அவருக்கு ஒரு கால் சரியாக மடங்கவில்லை. லேசாக விந்தி விந்தி நடந்தார். அடுத்து என்ன நடந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? அனுதாபம்? பிரார்த்தனை?

விந்தி நடப்பது ஃபேஷன் ஆகிவிட்டது! சத்தியமாக. நல்ல காலோடு பிறந்த சீமாட்டிகள் தடியை ஊன்றிக்கொண்டு 'அலெக்சாண்ட்ரா நடை' நடந்தார்கள். சிலர் ஒரு காலில் உயர ஹீலும் மறுகாலில் குட்டை ஹீலுமாகக் கிளம்பினார்கள். கடைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஜோடி சேராத ஜோடியையே தனியாகத் தைத்து விற்க ஆரம்பித்தார்கள். வலது, இடது தெரியாமல் 200 வருஷம் ஓட்டியவர்கள் ஒருவழியாக இரண்டு காலுக்கும் வித்தியாசம் கண்டுபிடித்தது இந்த லட்சணத்தில்.

பிரான்ஸில் நிலைமை வேறு. அங்கே எல்லாம் சட்டப்படி. 1800 நவம்பரில் பாரிஸ் போலீஸ் ஒரு உத்தரவு போட்டது. பெண்கள் ஆண் உடுப்பு போடுவதென்றால் போலீஸ் நிலையத்துக்கு வந்து அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும், டாக்டர் சான்றிதழ் உட்பட. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று முழங்கிப் பதினோரு வருஷம்தான் ஆகியிருந்தது. சகோதரிகளைப் பற்றித்தான் யாரும் எதுவும் சொல்லவில்லையே!

ரோஸா பொனேர் என்கிற ஓவியர் அப்படிச் சீட்டு வாங்கியவர்களில் ஒருவர். மாடு, குதிரை வரைவதில் கில்லாடி. அவருடைய 'குதிரைச் சந்தை' ஓவியம் 5 மீட்டர் அகலம். சந்தையிலும் கசாப்புக் கூடத்திலும் சேற்றில் நின்று வரையவேண்டுமானால் தரையைப் பெருக்குகிற பாவாடை உதவுமா? 1857ல் அவருக்குக் கொடுத்த சீட்டில் காரணம் என்ன தெரியுமா? உடல்நலம்! ஆறு மாதத்துக்குச் செல்லும். அந்த உடுப்பில் நாடகத்துக்கோ நடன விருந்துக்கோ போகக்கூடாது என்ற நிபந்தனையும் உண்டு. மாடுகளுக்கு ஆட்சேபம் இல்லை, மனிதர்களுக்குத்தான்.

பிறகு சைக்கிள் வந்தது. பாவாடை சங்கிலியில் மாட்டிப் பெண்கள் தொபுக்கடீரென்று விழுவதை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது? 1892லும் 1909லும் பிரெஞ்சு அதிகாரிகள் தாராளம் காட்டினார்கள். கையில் சைக்கிள் ஹேண்டில்பாரோ குதிரைக் கடிவாளமோ இருந்தால் பெண்கள் பேன்ட் போடலாம். ஆகவே சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு நாலடி தள்ளி நின்றால், சட்டத்தின் கண்ணில் நீங்கள் குற்றவாளி. இந்த உத்தரவு எப்போது செத்தது என்று கேளுங்கள். 2013 ஜனவரி 31! பெண்கள் உரிமைத் துறை அமைச்சர் எழுத்தில் சொன்னார், அது செல்லாது என்று. அந்த அமைச்சரும் ஒரு பெண். அவர் பேன்ட் போட்டபோதெல்லாம் ஹேண்டில்பாரை யார் பிடித்துக்கொண்டிருந்தார்களோ!

இங்கிலாந்தில் இப்படிச் சட்டம் எதுவும் இல்லை. அங்கே விடுதிக்கார அம்மாக்கள் இருந்தார்கள். லேடி ஹார்பர்டன் என்று ஒரு பிரபு வீட்டு அம்மாள், 1881ல் 'பகுத்தறிவு உடுப்புச் சங்கம்' ஆரம்பித்தவர். 1898ல் தொளதொள அரைக்கால் சட்டையில் சைக்கிள் மிதித்து, சர்ரே பக்கம் ஆக்கம் என்ற கிராமத்து விடுதியில் மதியச் சாப்பாட்டுக்கு இறங்கினார். விடுதிக்கார அம்மா ஏற இறங்கப் பார்த்தார். இந்தக் கோலத்தில் காஃபி ரூமுக்குள் வரக்கூடாது, வேண்டுமானால் பாரை ஒட்டிய அறையில் உட்காரலாம் என்றார். அங்கே ஆண்கள் புகை விட்டுக்கொண்டு குடித்துக்கொண்டிருந்தார்கள். அதாவது, மரியாதையான பெண்ணாகத் தெரியவில்லை என்பதற்காகக் குடிகாரர்களோடு உட்காரச் சொன்னார்! கேஸ் 1899ல் கோர்ட்டுக்குப் போனது. வழிப்போக்கருக்குச் சாப்பாடு மறுத்தது குற்றம் என்று வாதாடினார்கள். அறை காட்டினாரே, மறுக்கவில்லையே என்று ஜூரர்கள் விடுதிக்கார அம்மாவை விட்டுவிட்டார்கள்.

சாக்கு இல்லாமல் சவுகரியம் வராது என்பது சரி. சாக்கே இல்லாமல் அசவுகரியம் மட்டும் எப்படி இவ்வளவு சுலபமாக வருகிறது?

1908 அக்டோபர், பிரான்ஸில் லெ மான் பக்கம். வில்பர் ரைட் தன்னுடைய விமானத்தில் ஆட்களை ஏற்றி வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தார். அவருடைய வியாபார ஏஜெண்டின் மனைவி எடித் பெர்க் ஏறி உட்கார்ந்தார். திறந்த விமானம், காற்றில் பாவாடை பறக்கும். ஒரு கயிற்றை எடுத்துக் கணுக்காலுக்கு மேலே பாவாடையை இறுக்கிக் கட்டிக்கொண்டார். புத்திசாலித்தனமான ஏற்பாடு. இரண்டு நிமிஷம் பறந்துவிட்டு இறங்கி, கயிற்றை அவிழ்க்காமல் தத்தித் தத்தி நடந்தார். அதைப் பார்த்த ஒரு பிரெஞ்சு டிசைனருக்குப் பொறி தட்டியது என்று சொல்கிறார்கள்.

எப்படியோ, 1910ல் கணுக்காலில் குறுகி, அரையடிக்கு மேல் காலெடுத்து வைக்க முடியாத 'ஹாபிள் ஸ்கர்ட்' பாரிஸைப் பிடித்து ஆட்டியது. இதற்கு முக்கியக் கர்த்தா என்று பேரெடுத்தவர் போல் ப்வாரே. பெண்களை கார்செட் சிறையிலிருந்து மீட்டவன் நான்தான் என்று பெருமையடித்துக்கொண்டவர். இடுப்பில் விலங்கைக் கழற்றிய கையோடு அதைக் காலில் மாட்டிவிட்டார். ஸ்கர்ட் கிழியாதிருக்க, இரண்டு காலையும் சேர்த்துக் கட்டும் பட்டைகூட உண்டு. நியூயார்க்கில் பெண்களால் டிராம் படி ஏற முடியவில்லை. 1912ல் படியே இல்லாமல், நடுவில் தாழ்வான வாசல் வைத்த டிராமை ஓட்டினார்கள். அதற்கு ஹாபிள் ஸ்கர்ட் கார் என்றே பெயர். தாழ்தளப் பேருந்து கேட்டு நம் ஊரில் மாற்றுத்திறனாளிகள் உயர்நீதிமன்றம்வரை நடையாய் நடந்தார்கள். அங்கே இரண்டு வருஷத்துப் பாவாடைக்கு டிராமே மாறியது.

அடுத்து ஒரு பெரிய சண்டைக்கு வருவோம். 1947 பிப்ரவரி 12. இரண்டாம் உலகப்போர் முடிந்து பாரிஸ் இன்னும் ரொட்டிக்கு ரேஷன் கார்டோடு நிற்கிறது. கிறிஸ்தியான் டியோர் தன் முதல் கலெக்‌ஷனைக் காட்டினார். இடுப்பை இறுக்கிய கோட்டு, பக்கவாட்டில் பஞ்சு வைத்துப் புடைத்த அமைப்பு, கீழே மீட்டர் மீட்டராகத் துணி விழுங்கிய ஸ்கர்ட். தையலைப் பொறுத்தவரை அற்புதம். டெய்லரிங் பகுதியைக் கவனித்துக்கொண்ட இளைஞர் பின்னாளில் உலகப்புகழ் பெற்ற பியர் கார்தான். ஆனால் போர்க்காலம் முழுக்கக் குட்டைப் பாவாடையும் தட்டைச் செருப்புமாகத் தொழிற்சாலைக்கு ஓடிய பெண்களுக்கு வயிறு எரிந்தது. லெப்பிக் தெருச் சந்தையில் டியோர் உடுப்போடு போட்டோவுக்கு நின்ற மாடலை அக்கம்பக்கத்துப் பெண்கள் பிடித்துத் துணியைக் கிழித்தார்கள். சிகாகோவில் டியோரே தட்டி ஏந்திய பெண்களைச் சந்திக்க நேர்ந்தது.

இவ்வளவு துணியைக் கொட்டிய அந்தக் கம்பெனிக்குப் பணம் போட்டவர் யார்? மார்செல் பூஸாக். பிரான்ஸின் பருத்தி மில் சக்கரவர்த்தி! கொல்பேர் கல்லறையில் முதல்முறையாகச் சிரித்திருப்பார்.

டியோரைப் பார்த்து வயிறெரிந்தவர்களில் இன்னொருவர் கோக்கோ ஷனேல். போரின்போது ரிட்ஸ் ஹோட்டலில் ஒரு ஜெர்மன் அதிகாரியோடு இருந்த கதையால் ஸ்விட்சர்லாந்தில் ஒதுங்கிக் கிடந்தார். 1954ல் வயது 70. அவரைக் கேட்டால் பத்தைக் கழித்துவிட்டுத்தான் சொல்வார். அநாதை விடுதியில் வளர்ந்ததை மறைக்கத் தினுசு தினுசாகப் பால்யகாலம் தயாரித்தவருக்கு வயது என்ன பிரமாதம்! ஆனால் துணி விஷயத்தில் மட்டும் அந்த அம்மாள் பொய் சொன்னதில்லை. 1910களிலேயே ஆண்கள் உள்ளாடைக்கு உதவிய ஜெர்சித் துணியில் பெண்களுக்குக் கோட்டு தைத்தவர். காதலர்களின் பீரோவிலிருந்து ட்வீடைக் கிளப்பிக்கொண்டு வந்தவர்.

1954 பிப்ரவரி 5 அன்று திரும்பி வந்தார். பட்டன் வைத்தால் பட்டன்துளை உண்டு. பாக்கெட் வைத்தால் கை உள்ளே போகும் (பெண்கள் உடுப்பில் இது இன்றைக்கும் செய்திதான்). கையைத் தூக்கினால் கோட்டு கூடவே ஏறாதபடி அக்குளை ஒட்டிக் கோட்டின் கையை வெட்டினார். லைனிங் ஓரத்தில் ஒரு சங்கிலியைத் தைத்து, அதன் கனத்தில் கோட்டு தானாக நேராக விழும்படி செய்தார். பிரெஞ்சுப் பத்திரிகைகள், பாட்டி 1930லேயே நின்றுவிட்டாள் என்று கிழித்தன. அமெரிக்கர்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். 1957ல் குட்டை ஹீலும் கறுப்பு மூக்குமாக இரண்டு நிறச் செருப்பு. கால் சின்னதாகத் தெரியும், அழுக்கும் தெரியாது. குதிரையும் இல்லை, படகும் இல்லை, இதை எப்படி ஒப்புக்கொண்டார்கள் என்கிறீர்களா? விலையைப் பாருங்கள். அவ்வளவு காசு கொடுத்து வாங்கினால் சவுகரியம்கூட கௌரவமாகிவிடும்.

அந்தக் கோட்டை நகலெடுத்து, அதன் நகலையும் நகலெடுத்து ஆபீஸுக்குப் போகிற பெண்கள்வரை கொண்டுவந்தாயிற்று. 1977ல் ஜான் மல்லாய் என்பவர் பெண்கள் உத்தியோகத்தில் முன்னேற என்ன போடவேண்டும் என்று புத்தகமே எழுதினார். கோட்டும் ஸ்கர்ட்டும், பேன்ட் கூடாது, காலில் அடக்கமான ஹீல்ஸ். ஆண் ஒருவர் பெண்களுக்கு உடுப்பு யோசனை சொல்லி, அது விற்பனையில் பிய்த்துக்கொண்டு போனது. எதற்கு ஆச்சரியப்படுகிறீர்கள், லூயியே செய்யாததா?

அந்த ஹீல்ஸை மல்லாயால் காப்பாற்ற முடியவில்லை. 1980 ஏப்ரல் 1. நியூயார்க் போக்குவரத்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம். சப்வே இல்லை, பஸ் இல்லை. புரூக்ளின் பாலத்தில் ஜனசமுத்திரம் கால்நடையாகப் போகிறது. கோட்டு, ஸ்கர்ட், மெல்லிய காலுறை எல்லாம் இலக்கணப்படி போட்ட பெண்கள் காலில் ஓட்டப்பந்தய ஷூ. ஹீல்ஸ் பையில். ஆபீஸ் போய் மாற்றிக்கொள்ளலாம். பதினோராம் நாள் வேலைநிறுத்தம் முடிந்தது, ரயில் ஓடியது. ஷூ மட்டும் கழலவில்லை! எட்டு வருஷம் கழித்து வந்த 'வொர்க்கிங் கேர்ள்' படத்தில் கதாநாயகி அப்படித்தான் ஆபீஸுக்கு வருகிறார். ஃபேஷன் நிபுணர்கள் பார்த்துப் பார்த்து முகம் சுளித்தார்கள். தொழிற்சங்கம் கோரியது ஊதிய உயர்வு, கிடைத்ததில் பாதி லாபம் நகரத்துக் குதிகால்களுக்கு.

ஒரு செருப்பைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. மார்கோ ஃப்ரேஸர், ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். தையல் தொழில் தெரிந்தவர். கால்வலிக்காரர். 1966ல் பிறந்த நாட்டுக்குப் போனபோது பிர்க்கன்ஸ்டாக் செருப்பு போட்டு வலி குறைய, அதை அமெரிக்காவுக்கு இறக்குமதி செய்தார். ஷூ கடைக்காரர்கள் பார்த்துவிட்டு, இந்த அவலட்சணத்தை எந்தப் பெண்ணும் வாங்கமாட்டாள் என்று திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் அது போய்ச் சேர்ந்த இடம், இயற்கை உணவு விற்கும் கடைகள். தவிட்டு ரொட்டிக்குப் பக்கத்தில் செருப்பு! கால்நூற்றாண்டுக்கு மேல் அது ஹிப்பிகளின் அடையாளம், ஃபேஷன்காரர்களின் கேலிப்பொருள்.

2012ல் செலீன் கம்பெனியின் டிசைனர் ஃபீபி ஃபைலோ, அதே வடிவத்துச் செருப்புக்கு உள்ளே விலங்கு ரோமத்தை ஒட்டி பாரிஸ் மேடையில் நடக்கவிட்டார். கோடைகாலக் கலெக்‌ஷனில், ரோமம்! அவ்வளவுதான், அவலட்சணம் அழகாகிவிட்டது. 2021ல் பிர்க்கன்ஸ்டாக் கம்பெனியின் பெரும்பங்கை வாங்கியது, டியோரை வைத்திருக்கிற அதே அர்னோ குடும்பத்தின் பணமும் சேர்ந்த ஒரு கூட்டணி. அடுத்த வருஷமே டியோரும் பிர்க்கன்ஸ்டாக்கும் சேர்ந்து செருப்பு கொண்டுவந்தார்கள், அதுவும் ஆண்கள் வரிசையில். இறுக்கிப்பிடித்த இடுப்புக்குப் பேர்போன கம்பெனிக்கு இந்த அகலக்காலன் எப்படிப் பொருந்துவான்? விளக்கம் தயாராக இருந்தது. கிறிஸ்தியான் டியோருக்குத் தோட்டவேலை என்றால் உயிராம்.